வெயிலை உள்ளே கூப்பிட்டவர்

சூரியனிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய ஒரே அரசு ஊழியர், எங்கள் பாம்பூஃப்ளாட் பள்ளிக்கூடத்து பியூன்தான். அவர் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பகலில் எங்கே லைட் எரிந்தாலும் ‘பத்தி பந்த்’ என்று இந்தியில் குரல் கொடுத்தபடி வந்து அணைத்துவிடுவார். அதனால் எங்களுக்கு அவர் பத்தி பந்த்.

தீவில் ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். வாத்தியார்கள் நாங்கள் படகை விட்டு இறங்கி வருவதற்குள் ஜன்னலை மறைக்கும் பீரோக்களை நகர்த்தி, பெஞ்சுகளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் போட்டிருப்பார். மத்தியானம் மறுபடி திருப்புவார். கணக்குப் பாடம் கிழக்கே தொடங்கி மேற்கே முடியும். நாற்காலி இருக்கிற நினைப்பில் உட்கார்ந்து நானே இரண்டு தடவை தரைக்குப் போயிருக்கிறேன்.

“ஏண்ணே இந்த வம்பு?” என்றேன்.

“டீசல் மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வந்தாதான் நமக்கு கரண்டு. வெயிலு டிக்கெட் இல்லாம வந்து வாசல்ல நிக்குது. அத வெளிய நிறுத்தலாமா சார்?”

ஒருநாள் என் வகுப்பு ஃபியூஸ் கட்டையையே பிடுங்கி என் கையில் கொடுத்தார். மழை இருட்டினால் மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார். பைக்குள் போட்டேன், சுத்தமாக மறந்தேன்.

மறுவாரம் இன்ஸ்பெக்‌ஷன். அன்றைக்கென்று வானம் கறுத்துக்கொண்டது. என் வகுப்புக்குள் வந்த அதிகாரி மேஜையில் முழங்காலை இடித்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டால் எரியவில்லை. ஹெட்மாஸ்டர் நேரே பத்தி பந்தைக் கூப்பிட்டு, ஃபியூஸ் கட்டை எங்கே என்று கேட்டார். அது அக்கரையில், மரைன் ஹில்லில், என் வீட்டில், பழைய பைக்குள் கிடந்தது. பத்தி பந்த் என்னை ஒருமுறை பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

“தொலைச்சிட்டேன் சார்” என்றார் அவர்.

அவருக்கு கேம்பல் பே பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் போட்டார்கள். கப்பலில் நாள்கணக்காகப் போகவேண்டிய ஊர். ஓய்வு பெற ஒரு வருஷமே இருக்கையில், சர்க்கரை வியாதிக்கார மனைவியை இங்கே விட்டுவிட்டுப் போனார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி.

பீரோக்கள் பழையபடி ஜன்னலடியில் போய் நின்றன. பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிந்தன.

போன மாதம் பத்தி பந்த் அங்கிருந்து போன் செய்தார். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று காதைக் கொடுத்தேன். ஃபியூஸ் கட்டையைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

“பகல்ல யாரும் லைட் போடுறதில்லயே சார்?”

“இல்லண்ணே.”

“அது போதும் சார்.”

மறுநாள் முதல் படகில் போய் என் வகுப்பு பீரோவை நானே நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னும் ஐந்து வகுப்பு இருக்கிறது. அவரிடம் சொன்ன இந்தப் பொய்யையாவது உண்மையாக்கிவிட வேண்டும்.