மலை இருக்கிற பக்கம் வடக்கு

வடக்கு எது என்று தெரியாமலேயே ஒரு மனிதன் முப்பத்தெட்டு வயது வரை சந்தோஷமாக வாழ முடியும். நான் வாழ்ந்திருக்கிறேன். சாப்பாடு, தூக்கம், கல்யாணம் எதற்கும் அது தேவைப்படவில்லை. நிலம் வாங்கியபோதுதான் தேவைப்பட்டது. அப்போதும் எனக்கு அது தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனார்பாளையத்தில் எங்கள் பூர்வீக நிலத்தை அண்ணன் தம்பி நான்கு பேரும் பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்த துண்டில் டிராக்டர் உள்ளே போனால் திரும்ப இடம் இருக்காது, பின்பக்கமாகவே வெளியே வர வேண்டும். அதைப் பெரிய அண்ணனுக்கே விற்றுவிட்டு, கல்வராயன் மலை அடிவாரத்தில் மூன்று ஏக்கர் கரம்பு வாங்கினேன். ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான் முள் மண்டிய இடம்.

"அங்க போயி இன்னாடா பண்ணப் போற? கரடிக்கு டியூசன் எடுக்கப் போறியா?" என்றார் பெரிய அண்ணன்.

"ஆறு மாசத்துல மரவள்ளி போட்டுக் காட்டறேன். நீங்களே வந்து பாருங்க" என்றேன். (கரடி உண்டா என்று ரகசியமாக நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டேன்.)

டிராக்டர் டிப்பரில் கட்டில், கிரைண்டர், இரண்டு ஆடு, கூண்டோடு ஆறு கோழி, என் மனைவி மல்லிகா, நான். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா, திருவிழாவில் சாமி புறப்பாடு மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

நிலத்தை விற்றவர் ரோட்டில் நின்ற பைக்கை விட்டு இறங்காமல், "இதாங்க" என்று கையை வீசிக் காட்டியிருந்தார். அந்த வீச்சுக்குள் முப்பது ஏக்கராவது இருக்கும். சர்வேயர் அடுத்த மாதம்தான் வர முடியும் என்றுவிட்டார்.

"சர்வேயர் வரட்டும்டா. அதுவரைக்கும் ஊர்ல ஒரு வூடு பாத்து இருந்துக்கலாம்" என்றார் அப்பா.

"எதுக்குப்பா? நான் பாலிடெக்னிக் படிச்சவன்." (ஒரு வருஷம். அதுவும் மெக்கானிக்கல்.)

இ-சேவை மையத்தில் எடுத்த புலப்படம் கையில் இருந்தது. ரோட்டோரம் ஒரு சர்வே கல், அந்தக் கல்லுக்கு வடக்கே எங்கள் நிலம். அவ்வளவுதான் விஷயம். வடக்கு எது? மலை இருக்கிற பக்கம். நைனார்பாளையத்தில் பிறந்த நாளிலிருந்து மலையை வடக்கேதான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். மலை நகரவில்லை என்பதில் உறுதியாக இருந்தேன். சுற்றிக்கொண்டு வந்து மலைக்குக் கிழக்கே நான் நிற்கிறேன் என்பது மட்டும் உறைக்கவில்லை.

கல்லிலிருந்து நேரே மலையைப் பார்த்து நடந்தேன். டேப் பிடித்து அளந்தேன். நான்கு மூலையிலும் குச்சி நட்டேன். முதல் வேலையாக ஒரு கொட்டாய் போட்டுக் குடியேறினோம்.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் முள் வெட்டினோம். என் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கி மல்லிகா தனியாக ஒரு அடுப்பு எரித்திருக்கலாம். ஆனால் மண் அருமையாக இருந்தது. அப்பா ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "சொக்கத் தங்கம்டா" என்றார். எங்களுக்கு வலது கைப்பக்கம் இருந்த நிலமோ, பாறையும் முள்ளுமாக நரிகூட நுழைய யோசிக்கும் இடம். "எந்த ஏமாளி வாங்கினானோ பாவம்" என்று நான் தினமும் ஒருமுறை பரிதாபப்பட்டேன்.

இரண்டாவது நாளே பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்னபொண்ணு என்ற அம்மா ஒரு தூக்கு நிறைய கூழ் கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும். அதன் பிறகு தினமும் கூழ் வந்தது, கூடவே மோர் மிளகாய்.

"வேல எப்ப சார் முடியும்?" என்று கேட்பார்.

"இன்னும் பத்து நாள்ல முடிஞ்சிடும்மா."

"நல்லா இருப்பீங்க சார்" என்று கும்பிடுவார்.

என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. தொப்பி, கையில் பேப்பர், டேப் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு களை கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெட்டிய இடத்தில் நின்று தினமும் போட்டோ எடுத்து அண்ணன்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். சின்னபொண்ணு அதையும் மரியாதையோடு ஒதுங்கி நின்று பார்ப்பார்.

பதின்மூன்றாம் நாள் பால் காய்ச்சினோம். வேன் பிடித்துச் சொந்தக்காரர்கள் வந்திறங்கினார்கள். சுத்தமாகக் கிடந்த நிலத்தைப் பார்த்துப் பெரிய அண்ணனே அசந்துபோய், "பரவால்லடா" என்றார். வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பால் பொங்கிய நேரத்தில் தட்டில் மஞ்சள், குங்குமம், வாழைப்பழத்தோடு சின்னபொண்ணு வந்தார்.

"ரொம்ப சந்தோசம் சார். வேலய சுத்தமா முடிச்சிட்டீங்க. இந்தக் கொட்டாய எப்ப பிரிப்பீங்க?"

"எதுக்கும்மா பிரிக்கணும்?"

"மல்லாட்ட வெதைக்கணும் சார்." (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பேர்.)

"யாரு?"

"நாந்தான்."

"எங்க?"

"இங்கதான் சார். எங்கொல்லையில."

முள்ளை வெட்டித் தன் கொல்லை நிலத்தைச் சீர்செய்து தரும்படி கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீசில் அவர் மனு கொடுத்திருக்கிறார். அவர் கணக்கில் நாங்கள் அதற்கு வந்த நூறு நாள் வேலைக்காரர்கள், நான் ஆபீசர், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் என்னைவிடப் பெரிய ஆபீசர், போட்டோ எல்லாம் வருகைப் பதிவு! சுருக்குப்பையிலிருந்து பட்டா நகலை எடுத்து நீட்டினார். பெரிய அண்ணன் அதை வாங்கி, வேன் டிரைவருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.

மல்லிகா மெதுவாகக் கேட்டாள். "இன்னாங்க, பன்னெண்டு நாளா பொழுது அந்த மலைக்குப் பின்னாடிதான வுழுந்துகினு இருந்துச்சு? பொழுது வடக்கால வுழுவுமா?"

எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் வலது கைப்பக்கம் திரும்பி, அந்தப் பாறையையும் முள்காட்டையும் பார்த்தார்கள். அந்த ஏமாளி யார் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் ஆடு கட்டியிருந்த இடத்துக்குப் போய், ஆட்டுக்குத் தழை போடுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இனி எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது என்பதுதான் யோசனை.

சின்னபொண்ணு பின்னாலேயே வந்தார். "அப்போ எம்மனு அப்படியேதான் கெடக்குதா?" என்று ஒரு நிமிஷம் முகம் வாடினார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"கொட்டாய் இருக்கட்டும் தம்பி" என்றார். (சார் போய்விட்டது.) "உங்கொல்லைய வெட்டி முடிக்கிறவரைக்கும் இங்கியே இருங்க. எனக்காவ கைய கிழிச்சிக்கினீங்களே, நாளிக்கி நானும் கத்தி எடுத்துகினு வரேன்."

சொன்னபடி மறுநாள் காலையில் தம்பியையும் தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பெரிய அண்ணனும் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு நான்கு நாள் தங்கி முள் வெட்டினார். (வெட்டியதைவிடப் பேசியது ஜாஸ்தி.) சர்வேயர் வந்து கல் நட்டபோது, யாரும் சொல்லாமலே நான் பத்தடி தள்ளி நின்றேன். மரவள்ளி போட ஆறு மாதம் அல்ல, ஒன்றரை வருஷம் ஆனது. ஆனால் பாறைக்கு நடுவிலும் அது நன்றாகத்தான் இறங்கியது. இன்று எங்கள் வீடு எங்கள் நிலத்தில்தான் இருக்கிறது. மல்லிகா இரண்டு முறை சரிபார்த்துவிட்டாள்.

இப்போதும் கல்யாண வீட்டுப் பந்தியில் நான் இலை முன்னால் உட்காரப் போனால், "மாமா, அளந்துட்டீங்களா?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன். ஆனால் சின்னபொண்ணு அக்காவிடம்தான் என்னால் ஜெயிக்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் வரப்பில் வந்து நின்று கூப்பிடுவார்.

"தம்பீ, எங்கொல்லையில மறுபடியும் முள்ளு மண்டிக்கினு கெடக்குது. எப்ப குடி வர்றீங்க?"