மூன்று ஏக்கர் எர்த்

கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் வேறு, கம்ப்யூட்டர் தெரிந்தவன் வேறு. என் கல்யாணப் பேச்சில் இந்த வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். செய்தி ஏரியூர் பக்கம் என் மாமனார் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' ஆகிவிட்டேன். (மறுக்க மனசு வரவில்லை. கோழிக்குழம்பு அப்படி.)

கல்யாணமான நாலாவது மாசம் சோதனை வந்தது. மனைவி அமலாவின் தங்கை ஜெசிந்தாவுக்கு, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. இரண்டு வருஷமாக எழுதிப் போட்டதில் அவளைக் கூப்பிட்ட ஒரே கம்பெனி அதுதான். மாமனார் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோ, வீடியோவைத் திறந்தாலே அப்படியே நின்றுவிடும்.

"மாமா, நீங்கதான் எப்பிடியாச்சும் சரி பண்ணித் தரணும்" என்றாள் போனில்.

"ராம் பத்தல. மாத்திட்டா ஓடும்" என்றேன். எங்கேயோ காதில் விழுந்த வாக்கியம்.

கடைக்காரர் ராம் என்கிற மெமரிச் சில்லை வெள்ளி நிறக் கவரில் போட்டுக் கொடுத்தார். "பாத்து சார். நம்ம ஒடம்புல இருக்கற ஸ்டேட்டிக் கரண்டே போதும், தொட்டா போர்டு போயிடும்" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். நான் மட்டும்தான் பயந்தேன் என்று நினைக்கிறேன். மார்ச் மாசம், காற்றில் சொட்டு ஈரம் கிடையாது, சட்டையைக் கழற்றினால் பட்பட்டென்று பொறி வேறு. அமலாவோடு ஏரியூர் போய் இறங்குவதற்குள் பஸ்ஸில் ஏழு வீடியோ பார்த்து முடித்தேன்.

ஏழிலும் சொன்ன எதையும் விடவில்லை. பாலியஸ்டர் சட்டையைக் கழற்றினேன். நைலான் நாற்காலியை வெளியே போட்டேன். அத்தை நைலக்ஸ் சேலை கட்டியிருந்தார், அவரையும் பணிவாக வெளியே அனுப்பினேன். தரையெல்லாம் தண்ணீர் தெளித்தேன். பிளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை மட்டும் அணைத்தால் பெட்டிக்கு எர்த் கிடைக்கும் என்று ஒரு வீடியோ சொன்னது. செய்தேன். மணிக்கட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறு முனையை எர்த்தில் கட்டு என்றது இன்னொன்று.

எர்த் எங்கே என்று மாமனாரைக் கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை போய் எர்த் எங்கே என்று கேட்பதா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் நிலத்தைச் சுற்றிப் பளபளவென்று கம்பி ஓடியது. கல்லுக்குக் கல் வெள்ளைக் குமிழ் வைத்து அழகாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். (குமிழ் அலங்காரத்துக்கு என்று நினைத்தேன். நான் டவுன்காரன்.) மூன்று ஏக்கரைச் சுற்றி ஓடும் கம்பி! இதைவிடப் பெரிய எர்த் யாருக்குக் கிடைக்கும்? போய்த் தொட்டும் பார்த்தேன், சாதுவாக இருந்தது. என் செம்புக் கம்பியின் மறு முனையை ஜன்னல் வழியாக நீட்டி அதில் கட்டினேன்.

வாசலில் நின்ற ஜெசிந்தா கேட்டாள்: "அந்தக் கம்பி எங்க மாமா போவுது?"

"எர்த்துக்கு. பேசாத, கவனம் கலையும்."

பழைய ராமைக் கழற்றிப் புதியதைப் பொருத்த விரலை உள்ளே விட்டேன். மணி ஆறு. கோயில் மணி அடித்தது.

என் மாமனார் சின்னப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை கோயில் மணி கேட்டதும் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திச் சிலுவை போட்டு ஜெபம் சொல்வார். ஆமென் சொன்ன கையோடு, நிலக்கடலைக்கு வரும் காட்டுப்பன்றிகளுக்காக வைத்திருக்கும் சோலார் ஷாக் வேலிக்குச் சுவிட்சைப் போடுவார். அன்றும் போட்டார்.

முதல் அடி விழுந்ததும், இவ்வளவு ஸ்டேட்டிக் என் உடம்பிலா இருந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு விநாடி விட்டு இரண்டாவது. மூன்றாவது விழுந்தபோதும், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவதில் "மாதாவே!" என்று அலறினேன்.

"ஐயோ, மாப்ளைக்கு வலிப்பு!" என்று அத்தை ஓடி வந்து பீரோ சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். ஈரத் தரை. அவருக்கும் ஒன்று விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

ஜெசிந்தாதான் கத்தினாள்: "அப்பா, வேலிய நிறுத்துங்க!"

மாமனார் நிறுத்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து ஜன்னலுக்கு வந்தார். மறுமுனையில் வெற்றுடம்போடு நான் இருந்தேன்.

"ஏங்க மாப்ள, என்னங்க இது?"

"எர்த்துன்னு நெனச்சிட்டங்க மாமா."

கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டார். "இதுவரைக்கும் இந்த வேலில மூணு பன்னி, ஒரு மாடு மாட்டி இருக்குதுங்க. எதுவும் தானா கம்பி கொண்டாந்து கட்டிக்கலைங்க."

கம்ப்யூட்டர் அதோடு சரி. ராமும் போச்சு, போர்டும் போச்சு. ஜெசிந்தா உள்ளே போய் அழுதாள். வேலி அடித்தது பெரிதில்லை, அந்த அழுகையைக் கேட்கத்தான் முடியவில்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் அமலாவின் செல்போனில்தான் இன்டர்வியூ. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, மோட்டார் ரூம் மாடியில்தான் நிற்கும். ஜெசிந்தா ஸ்டூலில் உட்கார, கேமராவில் படாமல் கீழே குந்திக் குடை பிடித்தேன். நடுவில் அந்தக் கேள்வி வந்தது: சமீபத்தில் நீங்கள் சமாளித்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்.

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்று விடாமல் சொன்னாள், ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் நான் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிந்தேன். அந்த மாமா இப்போது எங்கே என்று கேட்டார்கள். போனைக் கீழே திருப்பினாள். குடை பிடிக்காத கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். அந்தப் பக்கம் மூன்று பேர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

வேலை கிடைத்தது. அதில் பாதி என்னால் என்று இன்றும் சொல்லி வருகிறேன். யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு, ஜெபம் முடிந்ததும், மாமனார் தர்மபுரிக்குப் போன் செய்வார். "மாப்ள, கை சும்மா இருக்குதுங்களா? சுவிட்ச் போடட்டுங்களா?"

"ரெண்டும் சும்மாதாங்க இருக்குது. போடுங்க மாமா."

முதலில் கிண்டல்தான். போன வாரம் பஸ்ஸில் சிக்னல் இல்லாமல் ஏழரைக்குத்தான் அவரைப் பிடித்தேன்.

"நீங்க எடுக்கலைன்னு நானும் சுவிட்ச் போடலைங்க. பன்னி வந்து ரெண்டு பாத்தி கல்லக்காயத் தின்னுட்டுப் போயிடுச்சு. அது கெடக்குதுங்க. கை எங்க இருக்குது, சொல்லுங்க."