சிங்காரத்தின் ஸ்கைலாப்

வானத்திலிருந்து விழப்போகும் பொருளுக்கு, அது விழுவதற்கு முன்பே சொந்தக்காரனைக் கண்டுபிடித்த பெருமை, உலக சரித்திரத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றையே சாரும். அமெரிக்காவுக்கே தோன்றாத யோசனை அது.

1979 ஜூலை. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடம் எங்கே விழுமோ என்று உலகமே அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக் கிடந்தது. சிங்காரம் மட்டும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுடைய பாடு. இறால் ஓடும் துறையில் இன்று இவர், நாளை அவர் என்று முறை வைத்து வலை கட்டுவதுதான் பாடு. முறையைத் தவறவிட்டவன் அடுத்த சுற்றுவரை வாயைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் அரிசி தீர்ந்து, மனைவி கன்னியம்மாள் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, அரசு அமைத்த ‘விண்வீழ்பொருள் தற்காப்புக் குழு’வின் தலைவர் கங்காதரன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“நாளை யாரும் ஏரியில் இறங்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்” என்று அருளினார்.

“அது எங்க வுழும் சார்?” என்றான் சிங்காரம்.

“தெரியாது.”

“எப்ப வுழும்?”

“தெரியாது.”

“அப்பறம் இன்னாதான் சார் தெரியும்?”

“ஏரியில் இறங்கக் கூடாது என்பது திட்டவட்டமாகத் தெரியும்.”

“வூட்டு மேல வுழுந்தா? எங்களுது ஓலக் கூர சார்.”

“கூரை பற்றி ஆணையில் எதுவும் இல்லை.”

சாயங்காலம் ஊர்க்கூட்டம். தன் முறையை ஒருநாள் தள்ளி வைக்கும்படி சிங்காரம் கெஞ்சினான். அடுத்த முறைக்காரனான சுப்பன் துள்ளி எழுந்தான்.

“பொயலடிச்சாலும் மொற மொறதான்! என்னுத தர மாட்டேன்.”

ஊர்த் தலைவரான நாட்டார் பெரியசாமி வெகுநேரம் மீசையைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“நாளைக்கு ஏரில இன்னா கெடச்சாலும் சிங்காரத்துதுதான். ஸ்கைலாப் வுழுந்தா அதுவும் அவனுது. ஒருத்தனும் பங்கு கேக்கக் கூடாது.”

“அவ்ளோ இரும்பும் அவனுக்கேவா?” என்று சுப்பன் பொருமினான். சபை நியாயத்தை மெச்சியது.

செய்தி கேட்டுக் கங்காதரனின் முகம் மலர்ந்தது. யார் தலையிலாவது விழுந்தால் நஷ்டஈடு யார் தருவது என்று குழு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

“சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்! இனி சிங்காரம்தான் பொறுப்பு!”

ஆக, மறுநாள் முழுக்கச் சிங்காரம் ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஸ்கைலாப் ஏரியில் விழ வேண்டும், எவன் மண்டையிலும் விழக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். வாசல் வழியே பார்த்தால் துறையில் இறால் துள்ளியது.

ஸ்கைலாப் கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் போய் விழுந்ததாக ரேடியோ சொன்னது. தடை நீங்கியதும் சுப்பன் வலை கட்டினான். கூடை கூடையாக இறால்.

அடுத்து வெற்றி விழா. கங்காதரன் மாலையும் கழுத்துமாக முழங்கினார்.

“பழவேற்காட்டில் எள்ளளவும் சேதமில்லை! இங்கே யாருக்காவது ஏதாவது துண்டு கிடைத்ததா?”

கன்னியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வெறும் சோற்றுப் பானையை மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு பருக்கைகூட விழவில்லை.

“இதுலதான் சார் வுழுந்துது. வுழுந்தா எங்கூட்டுக்காரரு பொறுப்புன்னு சொல்லிட்டீங்க, செரி. ஏரில எறங்காதன்னீங்களே, அதுக்கு யாரு சார் பொறுப்பு?”