மாப்பிள்ளை அழைப்பும் நாலு குழாயும்

நாற்பத்தொன்பதாவது வயதில் நான் பணம் கொடுத்துச் சத்தம் வாங்கினேன். இதை இன்னும் நாகரிகமாகச் சொல்ல வழி தெரியவில்லை. அந்த வயதில் மற்றவர்கள் காப்பியில் சர்க்கரையைக் குறைப்பார்கள், யோகா வகுப்பில் சேர்ந்து இரண்டாவது வாரம் நின்றுவிடுவார்கள். நான், ஆயுள் முடிந்து உரிமத்தைப் புதுப்பித்து உயிர் கொடுத்த ஒரு கிழட்டுக் காருக்கு ‘ஹெடர்’ மாட்டினேன்.

ஹெடர் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்கு ஒரு விளக்கம். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் கார் கம்பெனி கனத்த இரும்புக் குழாய் ஒன்றை வைத்து, சூடு பரவாமலிருக்க அதன்மேல் ஒரு தகட்டையும் போட்டு மூடியிருக்கும். இரண்டையும் கழற்றிவிட்டு, பளபளவென்று வளைந்து நெளியும் நாலு எவர்சில்வர் குழாய்களை மாட்டினால் அதுதான் ஹெடர். புகை தடையில்லாமல் போகுமாம், இன்ஜினின் பலம் கூடுமாம், உறுமலும் கூடுமாம். (ஐந்தாவது கியர் போடுவதற்குள் கடல் வந்துவிடுகிற சிங்கப்பூரில் அந்தப் பலத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்று நான் யோசிக்கவில்லை.)

மாட்டிக்கொடுத்த பட்டறைக்காரர் ஆ செங் நேர்மையான மனிதர். “பவர் கம். ஹீட் ஆல்சோ கம்,” என்று சொல்லித்தான் சாவியைக் கையில் வைத்தார். நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

பவர் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. சூடு வந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் மஞ்சள் பிளாஸ்டிக் பிடி இளகித் தலைகுனிந்தது. ஏர்கான் குளிர்காற்றுக்குப் பதில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில், தினமும் என் பானெட்டில் படுக்கும் பூனை ஒருநாள் ஏறிய வேகத்தில் குதித்திறங்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து வேனுக்குக் குடிபெயர்ந்தது.

விவேகி என்றால் இந்த இடத்தில் அந்தப் பழைய தகட்டைத் தேடிப் போயிருப்பான். நான் படித்தவன். ஆகவே இணையத்தில் படித்தேன். தங்கள் காரைக் கெடுத்துக்கொண்டவர்கள் அடுத்தவர் காருக்கு வழிகாட்டும் குழுக்கள் அங்கே ஏராளம். முதலில் சூட்டைத் திருப்பியனுப்பும் தங்க நிறத் தாளை வாங்கி, இன்ஜினைச் சுற்றி ஒட்டினேன். என் மனைவி மாலதி எட்டிப் பார்த்தாள்.

“கல்யாண நாளுக்கு ஒரு கம்மல் கேட்டேன். இன்ஜினுக்குத் தங்கமா?”

அடுத்த உபதேசத்துக்குப் போனேன். பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர்களைச் சொருகி, முன்கண்ணாடியோரம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிவைக்க வேண்டும். சூடு அந்த இடுக்கு வழியாக வெளியேறும் என்பது சித்தாந்தம். காருக்குள் போகும் காற்றை ஏர்கான் உறிஞ்சுகிற வாயும் அதே கண்ணாடியோரம்தான் இருக்கிறது என்பது பௌதிகம். (சித்தாந்தமும் பௌதிகமும் சந்தித்த இடத்தில் பிறகு ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.)

அந்தச் சமயத்தில்தான் வசந்தா அக்காவின் மூத்த மகள் பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து கோவிலுக்கு அழைத்துவருவது பெண்ணின் சகோதரன் வேலை. பிரியாவுக்குச் சகோதரன் இல்லை. தாய்மாமன் நான் இருந்தேன்.

“வெள்ளைக் கார் ஒண்ணு வாடகைக்குச் சொல்லிடறேன்டா,” என்றாள் அக்கா.

“தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வாடகைக் காரா?”

அக்கா கையிலிருந்த வாடகைக் கார் அட்டையைக் கீழே வைத்தாள். “சரி. ஆனா முகூர்த்தம் தப்புச்சுன்னா, நான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சில முழிக்க முடியாது. ஊர்லேருந்து வந்திருக்காங்க. உன்னை நம்பறேன்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. நம்பிக்கைக்குப் பாத்திரமான கார் சூடாக இருக்கலாமா? கல்யாணத்துக்கு முந்தின நாள், குழுக்களின் உச்சகட்ட வைத்தியத்தில் இறங்கினேன். கண்ணாடி நாரில் நெய்த பட்டியைத் தண்ணீரில் நனைத்து, கைமுறிவுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி நாலு குழாய்களுக்கும் சுற்ற வேண்டும். கையுறை அவசியம் என்று எழுதியிருந்தார்கள். கையுறையெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். புதுப் பட்டி முதலில் சூடேறும்போது பயங்கரமாகப் புகையும். திறந்தவெளியில் நிறுத்தி, புகை அடங்கும்வரை இன்ஜினை ஓட விடவேண்டும். மனிதன் சிகரெட் பிடிக்கவே மஞ்சள் கோடு போட்டு இடம் ஒதுக்குகிற ஊரில், கார் புகைக்க எங்கே போவது? கார் நிறுத்துமிடத்திலேயே ஸ்டார்ட் செய்தேன். லேசாகப் புகைந்தது. அதற்குள் எதிர் வரிசையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த சீனப் பெண்மணி, “அங்கிள், யுவர் கார் பர்னிங் ஆ?” என்று கூவினார். மானம் கருதி அணைத்துவிட்டேன். பட்டிக்கு இவ்வளவு பயிற்சி போதும் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. மல்லிகைச் சரம் சுற்றிய காரோடு பொங்கோலில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். பிரியாவின் மாப்பிள்ளை கார்த்திக் கணினி வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலையோடு பின் இருக்கையில் ஏறினார். பக்கத்தில் அவர் அம்மா. சிங்கப்பூரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மற்ற உறவினர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். இரவு முழுக்க என் இரண்டு கையும் அரித்துக்கொண்டே இருந்தது. கல்யாணப் பரபரப்பு என்று நினைத்துக்கொண்டேன். (கண்ணாடி நார்.)

கார் நிற்காமல் ஓடியவரை காற்றில் ஒன்றும் தெரியவில்லை. அப்பர் சிராங்கூன் சாலையில் சிக்னல்கள் ஆரம்பித்ததும் ஒரு வாடை எழுந்தது.

“பக்கத்துல யாரோ ரப்பர் எரிக்கிறாங்க போலண்ணே,” என்றார் சம்பந்தியம்மா.

“இங்கல்லாம் யாரும் எதையும் எரிக்க மாட்டாங்கம்மா. ஃபைன் போட்டுருவாங்க,” என்றேன், தேசப் பெருமிதத்தோடு.

அடுத்த சிக்னலில் ஏர்கானின் துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கியது. பழைய புராணப் படத்தில் தேவலோகம் வருமே, அந்த மாதிரி. நான் பதறாமல் ஏர்கானை முழுவேகத்தில் வைத்தேன், வெளியேற்றிவிடும் என்று. அது இன்னும் ஆவேசமாக உறிஞ்சி இன்னும் தாராளமாக வழங்கியது. கண்ணாடிகளை இறக்கினோம். பக்கத்தில் லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்த நம்மூர்ப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணே! சாம்பிராணிய உள்ளயே போட்டுட்டீங்களா?”

“மாப்ள, வாழ்த்துகள்! இருமாதீங்க!”

சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “இங்க வண்டியெல்லாம் பொகையே விடாதும்மான்னு இவன் போன்ல பீத்திக்குவான். எங்கூரு டவுன் பஸ்ஸுகூட வெளியிலதாண்ணே விடும்.”

அப்போது அக்கா போனில் வந்தாள். “எங்கடா இருக்க? ஐயர் கேக்கறாரு. நேரம் போய்ட்டே இருக்கு.”

“வந்துட்டே இருக்கோம்க்கா.”

“என்னடா அங்க எல்லாரும் இருமறீங்க?”

போனை வைத்துவிட்டு, ஒதுங்க இடம் தேடி, கண்ணில் பட்ட முதல் திறப்பில் வண்டியைத் திருப்பினேன். அது பெட்ரோல் நிலையம். பானெட்டின் இடுக்கில் புகை எழும்ப உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து, அங்கே வேலை செய்த முதியவர் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடிவந்த கோலம் இன்னும் என் கனவில் வருகிறது. மறுவாசல் வழியாக வெளியேறி, ஒரு புளோக்கின் அடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். புகை மெதுவாக அடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, பட்டி பதமாகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தபோது கார்த்திக் கண்களைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

“மாமா, முன்னாடியே பூன் கெங் ஸ்டேஷன் இருக்கு. ட்ரெயின்ல போயிடலாம்.”

“மாப்ளே, மாலையும் கழுத்துமாவா?”

“என் வீட்டுலேருந்தே கோவில்வரைக்கும் நேர் லைன்தான் மாமா. நீங்க ஆசையா வந்து நின்னீங்க. அதான் சொல்லல.”

ரயிலில் மாலையும் தலைப்பாகையுமாக நின்ற மாப்பிள்ளைக்கு இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பெட்டியே இடம் கொடுத்தது. கழுத்துவரை பரவிவிட்ட அரிப்பில் நான் சொறிந்துகொண்ட அழகைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள். சம்பந்தியம்மா சாய்ந்து உட்கார்ந்து, “ஜில்லுன்னு இருக்கு,” என்றார். அன்றைய தினத்தில் அவர் சிங்கப்பூரைப் பாராட்டியது அப்போதுதான்.

சிராங்கூன் சாலையில் நடைபாதைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினோம். கோவில் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அக்கா எங்களைப் பார்க்கவில்லை. சாலையில் காரைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றோம்.

“கார் எங்கடா?”

“நிழல்ல நிறுத்தியிருக்கேன்க்கா. சூடு ஆறட்டும்னு.”

அக்கா மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையை மோந்து பார்த்தாள். பிறகு ஆரத்தி எடுத்தாள். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. தாலி உரிய நேரத்தில் ஏறியது. கல்யாண வீடியோவில் அந்தப் புனிதமான கணத்தில், மணமக்களுக்குப் பின்னால், ஒரு மனிதன் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அது தாய்மாமன்.

அடுத்த வாரமே ஆ செங்கிடம் போய் பழைய இரும்புக் குழாயையும் தகட்டையும் திரும்ப மாட்டிக்கொண்டேன். தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். “யூ ஸ்யூர் கம் பேக் லா,” என்றார். பூனையும் வந்துவிட்டது. ஆனால் குடும்பத்தில் யார் வீட்டில் சாம்பிராணி போட்டாலும், “மாமா வந்துட்டாரு, கதவைத் திற,” என்று ஏதாவது ஒரு குரல் கேட்கும்.

போன மாதம் அக்காவின் இளைய மகளுக்கு வரன் முடிவானது. நான் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். “கார் இப்ப ஐஸ் மாதிரி இருக்குக்கா. மாப்ளைய நானே போய்...”

அக்கா வெற்றிலைத் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“பையன் வீடு கிளமெண்டிடா. ஜாதகம் பாக்கறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன், ஸ்டேஷன் எவ்ளோ பக்கம்னு.”