கப்பல் அன்ரியின் சீட்டு

ஜாக்பொட் விழுந்ததற்காக மெஷினைத் திட்டிய மனுஷியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். ரொறன்ரோவில் மட்டுமில்லை, இந்தக் கண்டம் முழுக்கத் தேடினாலும் காசு விழுந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஒரே சூதாட்டக்காரி எங்கள் கப்பல் அன்ரிதான். ‘சூதாட்டக்காரி’ என்று எழுதியது தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார். “உது சூது இல்லப் பிள்ளை, உது ரிக்கற் எடுக்கிறது” என்பதுதான் அவருடைய வாதம். இந்த வாதத்தை விளங்கிக்கொள்ள முயன்றுதான் நான் பாதி விசராகிப் போனேன்.

ரொறன்ரோவின் மில்லிக்கனில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் ஐந்து ரவுன்ஹவுஸ்களில் நடுவீடு எங்களுடையது. பக்கத்தது அன்ரியுடையது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். வருஷத்தில் பாதி பேக்கரியில் பாண் பொதி செய்வார், மீதி உல்லாசக் கப்பலில் இருப்பார். கூடவே அங்கிளும் போவார். அங்கிள் பென்ஷன் எடுத்தவர், வாயைத் திறக்கிறதென்றால் கொட்டாவி விடத்தான் என்று நினைக்கத் தோன்றும்.

பென்ஷனிலும் பாணிலும் எப்படி இத்தனை கப்பல்? ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தபோது மறித்து வைத்துக் கேட்டேன்.

“கப்பலுக்குள்ள கசினோ இருக்கெல்லே. கபின் கதவு திறக்கிற காட்டை மெஷினுக்குள்ள செருகவேணும். நீ எவ்வளவு விளையாடுறாய் எண்டு அது பொயின்ற்ஸ் போடும். கனக்கச் சேர்ந்தா அடுத்த கப்பலுக்கு கபின் சும்மா தருவாங்கள்.”

“தோத்தா?”

“தோத்தாலும் பொயின்ற்.”

“வெண்டா?”

“வெண்டாலும் பொயின்ற். வெண்டா என்ன, தோத்தா என்ன, நீ பட்டனை அமத்தினியோ எண்டதுதான் அவங்களுக்கு வேணும்.”

“ஆனா காசு போகுதே அன்ரி?”

“போகேல்ல. சுத்துது. பத்து டொலரைப் போட்டா எட்டு வரும். எட்டைத் திருப்பிப் போடு, ஏழு வரும். ஏழைப் போடு. ஒரே காசுக்கு எத்தினை தரம் பொயின்ற் விழுது பார்!”

“கடைசியில ஒண்டும் மிஞ்சாதே?”

“அது ரிக்கற் காசு.”

“அப்ப கபின் சும்மா இல்லையே?”

“சும்மாதான். துறைமுக வரி மட்டும் கட்டவேணும். உனக்கு யூனிவர்சிட்டியில என்னதான் படிப்பிச்சவங்கள்?”

ஸ்ரற்றிஸ்ரிக்ஸ், அதாவது புள்ளிவிபரவியல் படிப்பித்தார்கள். நான் பாஸும் பண்ணினேன். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். முதல் தரம் யோசித்தபோது அன்ரிக்கு லாபம். இரண்டாம் தரம் கப்பல்காரனுக்கு லாபம். மூன்றாம் தரம் எனக்குத் தலையிடி.

அன்ரி இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. அவர் கசினோவில் சீட்டுப் பிடித்தார்.

சீட்டு என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மாதாமாதம் எல்லோரும் காசு போடுவார்கள், முறைவைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுப்பார்கள். நடத்துகிறவருக்குத் தாச்சி என்று பெயர். முதல் சீட்டு தாச்சிக்கு, அதுதான் சம்பளம். தாச்சி ஏமாற்றினால் போச்சு, அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதும் அந்தக் கதை வரும்.

அன்ரி ஐந்து வீட்டையும் கூட்டி வைத்துத் திட்டத்தைச் சொன்னார். “தனித்தனியப் போய் விளையாடினா ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. எல்லாற்ற காசும் என்ர ஒரு காட்டில சுத்தட்டும். பொயின்ற்ஸ் மலை மாதிரி ஏறும். சும்மா வாற கபினை ஆளுக்கொரு தரம் எடுப்பம்.”

ஐந்து வீடும் தலையாட்டியது. முதல் கபின் தாச்சிக்கு, அது அவர் ஏற்கனவே சேர்த்து வைத்த பொயின்ற்ஸில். மற்றவர்களுக்குத் துண்டு குலுக்கினார்கள். இரண்டாவது அம்மாவுக்கு விழுந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை. யாருக்குச் சுகமில்லை என்றாலும் அந்த ஷிஃப்டை எடுப்பது அம்மா. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு ஏர்போர்ட்டுக்குப் போனதெல்லாம் மற்றவர்களை ஏற்றி இறக்கத்தான். துண்டு விழுந்த அடுத்த நாளே போய், குளிர்காலத்தில் ஒரு கிழமை லீவு கேட்டு, கெஞ்சி, அதையும் எடுத்துவிட்டார். பிறகு கழிவு விலையில் பெரிய விளிம்பு வைத்த ஒரு வெயில் தொப்பி வாங்கிவந்து விண்டர் ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். அதைப் பார்த்த நாள் முதல் இந்தச் சீட்டு சரிவராமல் போனால் நான் என்ன செய்வேன் என்று பயம் பிடித்துவிட்டது.

தாச்சியின் பயணத்தில் நானும் போனேன். அம்மாவின் பங்குக் காசு ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க நான் போனதாக என் எண்ணம். அன்ரி கதிரையை விட்டு எழும்பும்போது இடம் பிடித்து வைக்க ஒரு ஆள் தேவை என்பது அன்ரியின் எண்ணம்.

சும்மா கிடைக்கிற கபினுக்கு யன்னல் கிடையாது. எனக்குக் கட்டில் கூரையிலிருந்து இறங்கி வந்தது. விடிந்ததா இல்லையா என்று தெரிய ரீவியைப் போடவேண்டும். அதில் ஒரு சனலில் கப்பலின் முன்பக்கத்துக் கடலை நாள் முழுக்கக் காட்டுவார்கள். அங்கிள் படுக்கும்வரை அதைப் பார்ப்பார். விடிந்ததும் மேல்தளத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அசல் கடலைப் பார்ப்பார்.

அன்ரி கடல் பக்கமே திரும்பவில்லை. கசினோ திறக்க முதலே ஸ்வெட்டர் போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி, பையில் சம்பல் பாணோடு வாசலில் நிற்பார். பேக்கரிக்கு இப்படி நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. வெள்ளிக்கிழமை மீன் இறைச்சி தொடமாட்டார், மெஷினைத் தொடுவார். ஏன் என்று கேட்டேன்.

“மெஷினுக்குள்ள மீனே கிடக்கு?” என்றார்.

கரைக்கு வந்தால் கசினோவைப் பூட்டிவிடுவார்கள், சட்டம் அப்படி. சனம் எல்லாம் காசு கட்டி வருவதே அந்தத் தீவுகளைப் பார்க்க. பச்சைத் தண்ணீரும் வெள்ளை மணலும் தெரிந்ததும் எல்லோரும் கூவிக்கொண்டு ஓடினார்கள். அன்ரி மட்டும் வேலைநிறுத்தத்தில் மாட்டிய பஸ் பயணி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “சீ, பிறகும் ஒரு தீவு வந்திட்டுது” என்றார்.

ஜாக்பொட் கதைக்கு வருகிறேன். நான் சாப்பிடப் போயிருந்த நேரம். அன்ரிக்கு அவசரமாக பாத்ரூம். மேல்தளத்திலிருந்து இறங்கி அந்தப் பக்கம் வந்த அங்கிளைப் பிடித்து இழுத்து மெஷினுக்கு முன்னால் இருத்தினார்.

“அமத்திக்கொண்டு இருங்கோ. ஒண்டையும் யோசியாதேங்கோ.”

அங்கிள் யோசிக்காமல் அமத்தினார். மெஷின் அலறியது. சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லா லைட்டும் எரிந்தது. தான்தான் அதை உடைத்துவிட்டேன் என்று அங்கிள் முடிவெடுத்து, எழும்பி, யாரையும் பாராமல் விறுவிறென்று மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிவந்து பார்த்தால் அலறுகிற மெஷினும், ஆளில்லாத கதிரையும், சுற்றிவரச் சனமும். இடம் போய்விடாமல் நான் கதிரையில் ஏறி இருந்தேன். அதற்குள் அன்ரியும் வந்துவிட்டார்.

“அறுவானே, இப்பவே அடிக்கவேணும்?” என்று மெஷினின் தலையில் ஒரு தட்டு.

“அன்ரி, காசு விழுந்திருக்கு! ஏன் ஏசுறீங்கள்?”

“பெரிசா விழுந்தா மெஷின் பூட்டிக்கொள்ளும் பிள்ளை. ஆள் வந்து திறக்குமட்டும் பட்டன் வேலை செய்யாது. பொயின்ற் ஏறாது. எவ்வளவு நேரம் வீணாப் போகுது!”

வந்த ஆள் சும்மா ஆளில்லை, கசினோவின் மனேஜர். காட் பெண்ணின் பெயரில் இருக்கிறது, கமராவில் ஆம்பிளை அமத்தியிருக்கிறார், இப்போது கதிரையில் நான் இருக்கிறேன். இது என்ன என்று கேட்டார். அன்ரி அவருக்குத் தன் இங்கிலீஷில் சீட்டை விளக்கினார். “திஸ் இஸ் நொட் கம்ப்ளிங், சேர். திஸ் இஸ் ஃபைவ் ஹவுஸ்.” மனேஜர் பிலிப்பைன்ஸ்காரர். சிரித்துவிட்டார். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறதாம், அவருடைய அம்மாவும் தாச்சிதானாம். ஆனால் இனிமேல் காட் யாருடையதோ அவர்தான் விளையாடவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, காசைக் கொடுத்தார்.

அவ்வளவு காசை நான் ஒன்றாகக் கண்டதில்லை. “அன்ரி, இதைப் பிரிச்சு எடுத்தா ஐஞ்சு வீட்டின்ர பங்கும் திரும்பி வந்திடும். காணும், எழும்புங்கோ” என்றேன்.

“விசர்க் கதை கதையாதை. சீட்டு நடக்கேக்க காசைத் தூக்கிறதே? உது சுத்தவேணும்.”

திறக்கும் நேரம் முதல் பூட்டும் நேரம் வரை தனியாக இருந்து அத்தனையையும் சுற்றினார். எல்லாம் போனது. பொயின்ற்ஸ் மலை மாதிரி ஏறியது. இது வெற்றியா தோல்வியா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஈமெயில் வந்தது. அன்ரியின் கப்பல் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக பல்கனி வைத்த கபின், சும்மா. ஐந்து வீட்டிலும் வடை சுட்டார்கள். “அம்மான்ர பேரைப் போட்டு புக் பண்ணு பிள்ளை” என்று அன்ரி என்னிடம் போனைத் தந்தார். நான் நிபந்தனைகளை வாசித்தேன். திரும்ப வாசித்தேன். கப்பல்காரனுக்கு போன் அடித்தும் கேட்டேன்.

“அன்ரி, இது உங்கட பேருக்குத்தான். நீங்கள் ஏறாட்டி கபின் இல்ல. பல்கனி கபின் ரெண்டு பேருக்குத்தான், உங்களோட இன்னொராள் வரலாம், அவ்வளவுதான்.”

“அம்மாவுக்கு மாத்தித் தரமாட்டினமே?”

“மாட்டினம்.”

“நான் கையெழுத்து வைச்சுக் குடுத்தா?”

“ஏலாது அன்ரி.”

“கோயில் ஐயரிட்ட ஒரு கடிதம் வாங்கினா?”

“அன்ரி!”

அன்ரி கதிரையில் இருந்துவிட்டார். சீட்டில் யாருடைய முறையோ அவர் கையில் காசைக் கொடுக்கலாம். கபினை அப்படிக் கொடுக்க முடியாது என்பது ஐந்து வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்ரற்றிஸ்ரிக்ஸ் படித்த எனக்கும் தோன்றவில்லை. “தாச்சி ஏமாத்திப்போட்டாள் எண்டெல்லே சொல்லப்போகினம்” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

அம்மா வழக்கம்போல உடனே சொன்னார்: “பரவாயில்ல அக்கா. நீங்களும் அண்ணையும் போங்கோ. நான் லீவைத் திருப்பிக் குடுக்கிறன்.” சொல்லிவிட்டுப் போய் அந்தத் தொப்பியை எடுத்து ஒரு பையில் வைத்தார். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. யார்மேல் கத்துவது என்றுதான் விளங்கவில்லை.

அடுத்த நாள் எங்கள் கதவைத் தட்டியது அங்கிள். “லீவைத் திருப்பிக் குடுக்கவேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லு. அவவும் அம்மாவும் போகட்டும்.”

“அங்கிள், பல்கனி கபின். நீங்கள்தானே கடல் பாக்கிற ஆள்?”

“ஓம்.”

“அன்ரி கடலைத் திரும்பியும் பாக்கமாட்டா!”

“அவவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது பிள்ளை. பாத்தாலே தலை சுத்தும். கசினோ கப்பலின்ர நடுவில கிடக்கு. யன்னல் இல்ல, ஆட்டமும் குறைவு. அங்கதான் அவவால இருக்கேலும்.”

“பிறகேன் கப்பல் கப்பலா ஏறுறா?”

அங்கிள் சப்பாத்தைப் பார்த்தார். “எனக்குக் கடல் விருப்பம்.”

நான் வாசலிலேயே நின்றேன். சூது என்று நினைத்தேன், கஞ்சத்தனம் என்று நினைத்தேன், விசர் என்றும் நினைத்தேன். இது என் பட்டியலில் இல்லை. பின்னாலேயே அன்ரி செருப்போடு ஓடிவந்தார். “என்ன இவர் உன்னட்டச் சொல்லுறார்? ஒண்டையும் நம்பாதை. இவருக்கு பல்கனி பிறகு எடுத்துக் குடுப்பன். சீட்டெண்டா சீட்டு. அம்மான்ர பாஸ்போட்டைக் கொண்டா.”

அம்மா “பரவாயில்ல” என்று தொடங்கினார். “வாயை மூடும்” என்றார் அன்ரி. அதோடு புக் பண்ணியாயிற்று.

இன்னும் மூன்று வீட்டின் முறை இருக்கிறது. அந்த மூன்று தரமும் அன்ரி கூடவே ஏறவேண்டும், இல்லாவிட்டால் கபின் இல்லை. தலை சுற்றச் சுற்றப் போவார். இதில் அன்ரிக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள், நான் யோசித்துக் களைத்துவிட்டேன்.

நேற்று வொய்ஸ் மெசேஜ் வந்தது. “உன்ர கொம்மா பல்கனியை விட்டு உள்ள வாறா இல்ல. சாப்பாட்டையும் அங்கயே கொண்டுபோய்க் குடுக்கிறன், கண்ணை மூடிக்கொண்டு. நீ சாப்பிட்டியே?”

பக்கத்து வீட்டில் நாலு நாளாகச் சத்தமே இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை.

வெளியே பனி கொட்டுகிறது. அங்கிள் எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில் கிடக்கிற பனியையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருக்கிறார்.