ஸ்டில்டனுக்கு முப்பத்தைந்து மார்க்

மன்கூல், துபாய்
வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பாலகுரு அவர்களுக்கும், சம்பந்தியம்மாள் பத்மா அவர்களுக்கும் தியாகராஜன் பணிவோடு எழுதுவது. இவ்விடம் நான், என் மகன் ஸ்ரீகாந்த், தங்கள் மகள் பிருந்தா, பேத்தி மஹதி, வீட்டிலுள்ள மூன்று ஏ.சி. எல்லோரும் நலம். மன்னார்குடியில் தாங்களும் தங்கள் வலது முழங்காலும் நலமாக இருக்க ராஜகோபாலன் அருள் புரியட்டும்.

போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். போன முறை தங்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் அனுப்பிய செய்தி குடும்பக் குழுவில் போய் விழுந்து, தங்கள் மைத்துனர் இன்றுவரை எனக்குப் பொங்கல் வாழ்த்துகூட அனுப்புவதில்லை. எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் கூத்தாநல்லூர் செய்கு முகம்மது நாளை லீவில் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

செவ்வாய்க்கிழமை தாங்கள் போனில், "என்ன சம்பந்தி, இந்த வயசுல போயி..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டீர்கள். அந்த முடிக்காத வாக்கியம் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. ஆமாம், பிருந்தா அனுப்பிய போட்டோவில் இருப்பது நான்தான். அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து கருப்பாக எதையோ தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டிருப்பதும் நான்தான். மூக்கிலும் மீசையிலும் இருப்பது நுரை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதியவனுக்கு நான் ஒருநாளும் மார்க் போட்டதில்லை. அதனால் வழிமுறையை எழுதுகிறேன், தாங்களே திருத்திக்கொள்ளவும்.

போன வாரம் வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குக் குப்பைப் பையைப் போட வெளியே வந்தேன், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே, போன் உள்ளே, சட்டையும் உள்ளே, நான் வேட்டி பனியனோடு பதினேழாவது மாடி வராந்தாவில். ஸ்ரீகாந்த் வர ஏழு மணி ஆகும், பிருந்தா அதற்கும் பிறகு, மஹதி நீச்சல் வகுப்பில். கீழே இறங்கிப் போகலாம் என்றால் லிஃப்ட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சரி, மூன்று மணி நேரம்தானே, பரீட்சை மேற்பார்வை மாதிரி நின்றுவிடலாம் என்று சுவரோரமாக நின்றேன். அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மிஸ்டர் டெரெக். இங்கிலாந்துக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயசுதான் இருக்கும். பதினாலு மாசமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம், அன்றுவரை "குட் மார்னிங்" தாண்டிப் பேசியதில்லை. என் நிலைமையைப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். கிளி போட்ட சட்டை. அதையும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள்.

உள்ளே போனால் மேஜைமேல் ஒரு மரப்பலகை, அதில் மூன்று வகைச் சீஸ், பக்கத்தில் ஒரு பழைய நோட்டு. சீஸ் என்றால் மஹதியின் பீட்சாவில் நூல் நூலாக இழுபடுமே, அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இவர்கள் நாட்டில் ஊருக்கு ஒரு சீஸாம், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பீர் இருக்கிறதாம். வியாழக்கிழமைதோறும் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து எதற்கு எது சேரும் என்று ருசி பார்த்து நோட்டில் எழுதுவார்களாம். நம் பிள்ளைகளுக்கே நாம் ஆறு பொருத்தம்தான் பார்த்தோம் சம்பந்தி, இவர்கள் பாலாடைக்கட்டிக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள்! அந்த அம்மாள் போய் நாலு வருஷம் ஆகிறது. நோட்டிலும் நாலு வருஷமாக ஒன்றும் எழுதவில்லை. "இதை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது, ரெண்டு பேர் வேணும்" என்றார். நான் சைவம் என்றேன். சில சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த எதையோ உறை ஊற்றுவார்கள் என்று அவரே சொல்லி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று சீஸின் மேலுறையையும் படித்து, மூன்றும் சைவம்தான் என்று எனக்குக் காட்டினார். இவ்வளவு மெனக்கெட்ட மனுஷனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் தப்பு சீஸில் நடந்தது. அதில் ஒன்று ஸ்டில்டன். உள்ளே நரம்பு நரம்பாக நீலப் பூஞ்சை. ஐயோ பாவம், பெண்துணை இல்லாத வீடு, கெட்டுப்போனதுகூடத் தெரியாமல் வைத்திருக்கிறாரே என்று எனக்கு மனசு பதறியது. அவர் சமையலறைக்குப் போன நேரத்தில் கத்தியால் பூஞ்சையை எல்லாம் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். திரும்பி வந்தவர் சல்லடையாகக் கிடந்த சீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கவலைப்படாதீர்கள், கெட்டதை எடுத்துவிட்டேன்" என்றேன். அந்தப் பூஞ்சைக்காகத்தான் அதை வாங்குவதாம். மடியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். அந்த வீட்டில் யாரோ சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும்.

இரண்டாவது தப்புதான் தாங்கள் பார்த்தது. பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று, பாட்டிலைக் காட்டாமல் சமையலறையிலேயே டம்ளரில் ஊற்றி எடுத்து வருவது அவர்கள் வழக்கம். ஒரே டம்ளரில் இருவரும் ருசி பார்க்க வேண்டும். அடுத்தவர் டம்ளரை எச்சில் பண்ணலாமா? நம் வீட்டில் தண்ணீர் குடிக்கிற மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். தண்ணீருக்கு நுரை கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பாதி தொண்டைக்கும் பாதி மூக்குக்கும் போய் நான் திணறிக்கொண்டிருந்தபோதுதான் அவர் ஆசையாகப் போட்டோ எடுத்தது. டம்ளர் என் உதட்டில் படவே இல்லை சம்பந்தி, இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

மார்க் போட்டேன். செடார் சீஸுக்கும் ஏல் என்ற வெளிர் நிற பீருக்கும் எண்பத்தொன்று. வென்ஸ்லிடேல் என்று வெள்ளையாக, புளிக்காத தயிர்க்கட்டி மாதிரி ஒன்று, அதற்கும் இன்னொரு லேசான பீருக்கும் எழுபத்துநாலு. ஸ்டில்டன், மழைக்காலத்து என்.சி.சி. அறை வாசனை அடித்தது, ஆனால் ஸ்டௌட் என்ற அந்தக் கருப்பு பீரோடு சேரும்போது கொஞ்சம் அடங்கியது, கருணை மார்க் சேர்த்து முப்பத்தைந்து போட்டுத் தேர்ச்சி கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கு? முதல்ல என்ன தெரியுது? அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதினார். "மாங்காய் வடு" என்பதற்கு எழுத்துக் கேட்டு எழுதினார்.

இதற்குப் பிறகுதான் போதை ஏறியது. தலை லேசாகி, உடம்பு சூடாகி, நாக்கு கட்டவிழ்ந்துவிட்டது. என்னென்னவோ உளறினேன். காலை ஏழு பத்துக்கு மஹதியின் பஸ் போனால் மாலைவரை என்னிடம் பேசுவது லிஃப்ட் மட்டும்தான், அதுவும் முதலில் அரபியில் என்று சொன்னேன். வாஷிங் மெஷின் வேலை முடிந்து கூப்பிடும்போது "இதோ வர்றேம்மா" என்று பதில் சொல்கிறேன் என்றேன். என் மனைவி ஜெயலட்சுமி போய் இரண்டு வருஷமாகிறது, அவள் அடுப்படியிலிருந்து கரண்டியில் துளி எடுத்து வந்து என் உள்ளங்கையில் ஊற்றி "உப்பு சரியா இருக்கா பாருங்க" என்பாள், அதற்குப் பிறகு இன்றுதான் ஒருவர் என்னை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று சொல்லி, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த வெள்ளைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கிளிச் சட்டையெல்லாம் ஈரம்.

அவர் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்டில் ஸ்ரீகாந்தைப் பிடித்து, போட்டோவை அனுப்பி, "உங்க அப்பா ரொம்பத் தனியா இருக்கார், தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. போட்டோவைத் தன் அம்மாவுக்கு அனுப்பிய பிருந்தா, அழுத கண்ணோடு வந்து, "என்ன மாமா, நாங்க உங்களை அப்படியா வச்சிருக்கோம்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றாள். ஸ்ரீகாந்த் போய் எழுபத்தைந்து அங்குல டி.வி. வாங்கி வந்து மாட்டினான். பிருந்தா இந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அரைமணிக்கு ஒருதரம் என்னைப் பார்த்து, "மாமா, ஏதாவது வேணுமா?" என்கிறாள். அந்தக் குழந்தை மஹதிகூட, "தாத்தா, ஆர் யூ சேட்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருமுன் பயந்து ஓடிவிடுகிறது. என் பிள்ளைகளை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன் சம்பந்தி.

அதனால்தான் தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். தாங்கள் சொன்னால் பிருந்தா கேட்பாள். அவளிடம் சொல்லுங்கள்: உன் மாமா அன்று குடித்திருந்தார், குடிகாரன் பேச்சை யாராவது பெரிதாக எடுத்துக்கொள்வார்களா என்று. என்னைக் குடிகாரன் என்றே சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். சம்பந்தியம்மாள் இரண்டு வசவு சேர்த்துச் சொன்னாலும் சரி. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, ஏ.சி., இப்போது டி.வி.யும் வந்துவிட்டது. தனிமை கினிமை எல்லாம் அந்தப் பீர் பேசியது. நேற்று வியாழக்கிழமை நாலு மணிக்கு டெரெக் வந்து மணி அடித்தார். கதவின் துளை வழியாகப் பார்த்தேன், நோட்டோடு நின்றார். நான் திறக்கவில்லை. இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டார். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். தங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் படிப்பிலும் ஆயுளிலும் நூற்றுக்கு நூறு வாங்க என் ஆசி. முழங்காலுக்குத் தைலம் ஒரு பாட்டில் செய்கு முகம்மதிடம் கொடுத்திருக்கிறேன், சூடு பண்ணித் தடவவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையே நம்பியிருக்கும்,
தியாகராஜன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது செய்கு முகம்மது கடிதம் வாங்க வந்தார். "பத்திரமாக் கொண்டுபோங்க, எதிர்வீட்டுல பீர் குடிச்ச பாவத்துக்கு எழுதின மன்னிப்புக் கடிதம்" என்றேன். சிரித்துவிட்டார். "எந்த பீரு சார்? டெரெக் ஐயா நம்ம கடையிலதானே வாங்குறாரு! அதுல போதையே கிடையாது, வெறும் பார்லித் தண்ணி. போதை உள்ள சாமானை நான் விப்பேனா? அவருக்கு மூணு வருஷமா டாக்டர் தடை போட்டிருக்காரு சார்." நான் நம்பவில்லை. கீழே கடைக்கு அழைத்துப்போய் மூன்று பாட்டிலையும் எடுத்து வைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றிலும் பூஜ்யம். தசமப்புள்ளிக்குப் பிறகும் பூஜ்யம்.

ஆகவே சம்பந்தி, அன்று நான் குடித்திருக்கவில்லை. இனி பிருந்தாவிடம் தாங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. டெரெக்கிடம் பேசியது முழுக்க நான்தான்.