டேப் மாஸ்டர் மடித்துத் தைத்த பாட்டு

உலகத்தில் பாட்டை அங்குலக் கணக்கில் அளப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் மாத்தளையில் இருக்கிறார். இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. இரண்டாவது ஆள் ஒருவர் எங்காவது இருந்திருந்தால் இதற்குள் டேப் மாஸ்டரோடு சண்டை பிடித்திருப்பார். மாவட்ட நிருபரான எனக்குச் செய்தி வந்திருக்கும்.

பகலில் அவர் தையல்காரர். செவ்வாய், வெள்ளி பின்னேரங்களில் பதினேழு பேர் கொண்ட எங்கள் பாண்டுக்கு மாஸ்டர். இரண்டு வேலைக்கும் கழுத்தில் ஒரே டேப். சொந்தப் பெயர் முன்பு கடைப் பலகையில் இருந்தது. அதன்மேல் பள்ளிச் சீருடை விளம்பரம் ஒன்றை அவரே ஆணியடித்து மறைத்துவிட்டார்.

அவர் தைத்த எந்தக் காற்சட்டையைப் பிரித்தாலும் உள்ளே இரண்டு அங்குலத் துணி மடிந்திருக்கும். மனிதன் பெருப்பான், கல்யாணம் முடித்தால் இன்னும் பெருப்பான் என்பது அவர் கொள்கை. கோட் போட்டுப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையிடம், "உள்ள விட்டிருக்கேன், பயப்படாம சாப்பிடுங்க" என்று மணப்பெண்ணின் முன்னாலேயே சொன்னவர்.

எங்கள் ஒத்திகை ஹாஜியாரின் மிளகுக் களஞ்சியத்தில் நடக்கும். மாஸ்டர் அதை 'ட்ரயல்' என்றுதான் சொல்வார். ஹாஜியார் மிளகு வியாபாரி. பாண்டில் ட்ராம்போன் வாசிக்கிறார். ட்ராம்போன்காரர்கள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்காருவதால், அவர்களுக்கு மட்டும் தும்முவதற்கு இடம் விட்டு எழுதுவது மாஸ்டரின் வழக்கம்.

போன வருடம் கண்டியில் நடந்த பாண்ட் போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாப் பாட்டை எடுத்து, ஒரு தனி வாத்தியத்தை முன்னால் நிறுத்தி வாசிக்க வேண்டும். மாஸ்டர் ட்ரம்பெட் என்றார். பாட்டு, அப்போது எல்லா பஸ்ஸிலும் ஓடிய ஒரு சிங்களப் பாட்டு. நான் அதைப் போனில் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் கேட்டார். "ரொம்ப ஒல்லியா இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பாட்டின் முழு உடம்பும் பஸ் ஸ்பீக்கரில்தான் கேட்கும் என்று, மூன்று சனிக்கிழமை தம்புள்ளை போய், திரும்பும்போது மூன்று தரமும் ஒரே பஸ்ஸில் ஏறினார். சட்டை மாதிரி வெட்டும் பழுப்புத் தாளை மடியில் விரித்து, பென்சிலால் கோடு கோடாக எழுதிக்கொண்டே வந்தார். கண்டக்டர் அவரைப் பரிசோதகர் என்று நினைத்து, அந்த மூன்று நாளும் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தாராம்.

அந்தத் தாளை வாசித்துப் பார்த்தபோது, கோரஸுக்குச் சற்று முன்னால் ட்ராம்போன்கள் மூன்றும் சேர்ந்து 'பாம் பாம்' என்று அலறின. ஹாஜியார் நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், இது பாட்டுல இல்லயே. பஸ் ஹோர்ன்ல ஈக்கி."

விசாரித்தால் உண்மைதான். தம்புள்ளையில் பஸ் கிளம்பும்போதே டிரைவர் அந்தப் பாட்டைப் போடுவார். கோரஸ் வரும் நேரம் பஸ் முதல் வளைவுக்கு வரும். அங்கே அவர் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். மூன்று சனிக்கிழமையும் அதே இடம்.

மாஸ்டர் யோசித்தார். "பாட்டுக்காரங்க போட மறந்திருக்காங்க. நம்ம போட்டுருவோம்."

அவர் பாட்டை எழுதும் விதமே வேறு. ட்ரம்பெட்தான் கோட். ட்ராம்போன் காலர், விறைப்பாக நிற்க வேண்டும். ட்ரம்ஸ் பொத்தான். மூன்றாவது சாக்ஸபோனான என்னைப் பார்த்து, "நீங்க லைனிங். வெளியே தெரியக்கூடாது. ஆனா நீங்க இல்லாட்டி கோட் உடம்புல ஒட்டிக்கும்" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பதவிகளில் இதுவே துல்லியமானது.

எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அளவெடுப்பார். இடுப்பளவு அல்ல, மூச்சளவு. ஒரே சுரத்தை ஊதச் சொல்லி, அது நிற்கும்வரை டேப்பை ஒரே வேகத்தில் விரலிடுக்கால் நழுவ விடுவார். நின்ற இடத்தில் எத்தனை அங்குலமோ அதுதான் அந்த ஆள். எனக்கு இருபத்திரண்டு. "பேசுறதுக்கு மட்டும் அறுபது வருது" என்றார்.

ட்ரம்பெட் வாசிப்பவர் செல்வி டீச்சர். நாற்பது வயது, எல்கடுவ தோட்டத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். முன்பெல்லாம் அவருக்கு ஐம்பது அங்குலம் சாதாரணம். போட்டிக்குச் சில மாதம் முன்னால் நியூமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். அன்று அளந்தபோது டேப் பத்தொன்பதில் நின்றுவிட்டது. டீச்சர் ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அன்று மிளகுகூட யாரையும் தும்ம வைக்கவில்லை.

பாட்டின் முடிவில் ட்ரம்பெட் உச்சிக்கு ஏறி ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். அதற்கு நாற்பது அங்குலமாவது தேவை. டீச்சர் இல்லாத நேரம் பார்த்து ஹாஜியார் பேச்செடுத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. கண்டியில் நல்ல ட்ரம்பெட்காரர் ஒருவர் இருக்கிறார், கூப்பிடுவோம். டீச்சருக்கு மேடையில் மூச்சு நின்றால் அவமானம் அவருக்குத்தானே என்றார்.

"அளவெடுத்தது டீச்சருக்கு, ஹாஜியார்" என்றார் மாஸ்டர். "வேற ஆளு போட்டா கோட் தோள்ல தூக்கும்."

அடுத்த வாரம் நான் கடையில் காற்சட்டைக்கு நின்றுகொண்டிருந்தபோது, டீச்சர் தன் தாளைக் கையில் பிடித்தபடி வந்தார். உச்சிக்கு ஏறும் இடம் அதில் இல்லை. அதற்கு எட்டு பார், அதாவது எட்டுத் தாளக்கட்டம், முன்னாலேயே ட்ரம்பெட் முடிந்து, பாண்ட் 'பாம் பாம்' என்று புகுந்துவிடுகிறது.

"என் சோலோவ வெட்டிட்டீங்களே, மாஸ்டர்."

"வெட்டல டீச்சர். மடிச்சிருக்கேன்."

தாளைத் திருப்பிக் காட்டினார். அடிப்பகுதி உள்பக்கமாக மடிந்து, வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டிருந்தது. தன் டேப்பில் நாற்பதாவது அங்குலத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். "இது வந்த அன்னைக்கு நானே பிரிச்சித் தாறேன்."

அதன்பின் எங்கள் ட்ரயலில் பாட்டு பாதி, டீச்சரின் அளவு பாதி. இருபத்திமூன்று. இருபத்தெட்டு. ஒரு வெள்ளிக்கிழமை மழையில் நனைந்து வந்து இருபத்தைந்துக்கு இறங்கினார். போட்டி நாளில், வேறு ஆளைக் கூப்பிடச் சொன்ன ஹாஜியாரே டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். மண்டபத்துக்குப் பின்னால் கடைசியாக அளந்தோம். முப்பத்தாறு.

சிவப்பு நூல் மாஸ்டரின் விரலை எட்டாமலே நின்றுவிட்டது. "சரி, மடிப்போடயே போவோம். சட்டை சட்டைதானே" என்றார். டீச்சர் சேலை ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேடையில் எல்லாம் நன்றாகவே போனது. மடிப்பு வந்தது. ஹாஜியார் 'பாம் பாம்'முக்காக ட்ராம்போனை உதட்டில் வைத்துவிட்டார். டீச்சர் ட்ரம்பெட்டை இறக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: அவருடைய தாள் மட்டும் ஸ்டாண்டிலிருந்து நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் இடது கையைத் தாழ்த்தி எங்கள் எல்லோரையும் அடக்கினார். ட்ரம்ஸ் மட்டும் அடியில் மெல்ல நடந்தது. டீச்சர் எட்டு பாரையும் ஏறி உச்சியில் நின்றார். மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, நடுவர்கள் பார்க்கப் பார்க்க, விரலிடுக்கால் நழுவவிடத் தொடங்கினார். அது முடியும்வரை நாங்கள் புகக்கூடாது என்பது பதினாறு பேருக்கும் யாரும் சொல்லாமலே விளங்கியது.

நான் டீச்சரைப் பார்க்கவில்லை. சிவப்பு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வந்தது, விரலைத் தொட்டது, தாண்டிப் போனது. அதற்குப் பிறகும் டேப் இறங்கியது. கடைசியில் டேப் முழுவதும் தரையில் விழ, மாஸ்டர் தலையை அசைக்க, ட்ராம்போன்கள் அலறின. பின்வரிசையில் யாரோ எழுந்து, "தம்புள்ள, தம்புள்ள, தம்புள்ள" என்று கண்டக்டர் குரலில் கூவினார். மண்டபம் சிரித்துக்கொண்டே கைதட்டியது.

எங்களுக்கு இரண்டாம் இடம். முதலிடம் பெற்ற பாண்டின் பெயரை நான் செய்தியின் கடைசி வரியில் போட்டேன்.

திரும்பும்போது வேனில் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "மன்னிச்சிருங்க மாஸ்டர். மேடைக்கு ஏற முந்தி சேலை ஊசியால பிரிச்சிட்டேன்."

"ஏறுறப்பவே பாத்தேன். நூல் பிஞ்சது தையக்காரனுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார். "பிளேடு கேட்டிருந்தா தந்திருப்பேன். பேப்பரக் கிழிச்சிட்டீங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை களஞ்சியத்தில் என் தாளை முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு மடிப்பு. வெள்ளை நூலில் ஓட்டுத் தையல். தாள் நீளம் கூடிப்போய் மடித்திருக்கிறார் என்று அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். லைனிங்குக்கு எதற்கு சோலோ என்று நான் கேட்கவில்லை. அவர் ஊதச் சொல்லி டேப்பை எடுத்தார்.

இப்போது எனக்கு இருபத்தேழு. என் தாளின் தையல் அப்படியே இருக்கிறது. ஊசியும் பிளேடும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கின்றன. நான் தொடுவதில்லை, அவரே பிரித்துத் தரட்டும்.